உமி, அரிசி, அடுப்பு: அம்பாசிடர் ரேடியோவில் போன் பாட்டு

மன்னார்குடி, பாபநாசம், திருவையாறு பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் சில கொட்டகைகளில் தார்ப்பாய் போர்த்திய அம்பாசிடர் நிற்கிறது. 2014-இல் உத்தர்பாரா தொழிற்சாலையில் தயாரிப்பு நின்ற பிறகு அந்த வண்டிக்கு மரியாதை கூடிவிட்டது. பெயின்ட் அடிக்கிறார்கள், சீட்டுக்கு ரெக்சின் மாற்றுகிறார்கள், குரோமியப் பட்டை தேடிச் சென்னை புதுப்பேட்டைவரை போகிறார்கள். எல்லாம் முடிந்து கடைசியில் வருவது ரேடியோ விவகாரம். இரண்டு குமிழ், நடுவில் மஞ்சளேறிய டயல் கண்ணாடி, அதற்குக் கீழே யானைத் தந்த நிறத்தில் ஐந்து பொத்தான் என்று அது டேஷ்போர்டில் உட்கார்ந்திருக்கிறது. போனில் இருக்கிற பாட்டு அதில் பாட வேண்டும். முகம் மட்டும் மாறக் கூடாது.

கார் ஆடியோ கடையில் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "இதெல்லாம் ஆகாதுண்ணே. தூக்கிட்டுப் புது செட்டு போட்டுடலாம். ஓரத்துல கொஞ்சம் வெட்டணும், அவ்ளோதான்." அந்தக் கொஞ்சம் என்பது 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். இன்றைய கார் செட்டுகளின் முகப்பளவு அது. ஜெர்மனியில் வகுத்து உலகமே ஏற்றுக்கொண்ட அளவு. பழைய ரேடியோ நிற்பதோ குமிழ்த் தண்டுக்கு இரண்டு துளை, டயலுக்கு ஒரு சின்னச் சன்னல் என்ற மூன்று திறப்பில். தகரத்தை வெட்டினால் வெட்டியதுதான். எண்பதுகளில் கேசட் அலை அடித்தபோதே எத்தனையோ டேஷ்போர்டுகள் இப்படி வாய் பிளந்துவிட்டன. அதில் தப்பிய வண்டியை இப்போது போய் வெட்டுவது அநியாயம்.

வெட்டத் தேவையும் இல்லை. பெட்டிக்குள் சரியான ஓர் இடத்தில் இரண்டு மூன்று ஒயர்களைப் பத்தவைத்தால் காரியம் முடிந்தது. அந்த இடம் எது, ஏன் அங்கேதான் என்று தெரிந்துகொள்ள ரேடியோவுக்குள் ஒரு நடை நடந்து வர வேண்டும். அடுப்படி வழியாகவே போகலாம்.

நெல்லாக வந்து சேர்வது

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. மத்திய அலையில் அதன் இடம் 936 கிலோஹெர்ட்ஸ். டயலைப் பார்க்காமலே முள்ளை அங்கே கொண்டுபோய் நிறுத்தத் தெரிந்த ஒரு தலைமுறை காவிரி டெல்டாவில் உண்டு. 1960-களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஆடுதுறை 27 என்ற குறுவை ரகத்துக்கு விவசாயிகள் வைத்த பெயர் ரேடியோ நெல். திருச்சி நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சிகளில் கேட்டுத்தான் அந்த விதை வயலுக்குப் போனது. ஆகவே ரேடியோவை நெல்லாக நினைத்துப் பார்க்கச் சொன்னால் இந்த ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஸ்டுடியோவில் ஒருவர் பேசுகிறார். பேச்சு மின்னலையாக மாறினாலும் அதன் அதிர்வு வினாடிக்குச் சில நூறிலிருந்து சில ஆயிரம்வரைதான். அவ்வளவு மந்தமான அலையை ஏரியலில் ஏற்றித் தஞ்சாவூருக்கு அனுப்புவது நடக்காத காரியம். அதனால் அதற்கு உமி போர்த்துகிறார்கள். வினாடிக்கு 9,36,000 தடவை அதிரும் வேக அலை ஒன்றை எடுத்து, பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஒட்டி அதன் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். வேக அலை உமி, பேச்சு அரிசி. குதிரில் போட்ட நெல் உமியோடு இருந்தால்தான் தாங்கும். காற்றில் கிளம்பிய பேச்சும் அப்படித்தான் வீடு வந்து சேர்கிறது.

மட்கார்டில் நிற்கும் ஏரியல் கம்பிக்கு நல்லது கெட்டது தெரியாது. திருச்சி, சென்னை, இலங்கை, பக்கத்து வயல் பம்ப்செட்டின் மின்பொறி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டும். அதைப் புடைத்து வேண்டியதைப் பிரிப்பது டியூனிங் குமிழின் வேலை. வீட்டு ரேடியோவில் இதற்குக் கேங்க் என்ற தகடுக் கண்டன்சர் இருக்கும். கார் ரேடியோவில் பெரும்பாலும் கம்பிச் சுருளுக்குள் பென்சில் முனை போன்ற ஃபெரைட் குச்சிகள் ஏறி இறங்கும். குண்டும் குழியுமான சாலையில் தகடு அதிர்ந்தால் நிலையம் நழுவிவிடும். குச்சி அவ்வளவு சுலபத்தில் நழுவாது. ஒரு பொத்தானை வெளியே இழுத்து மறுபடி அழுத்தினால் அந்த நிலையத்தை அது நினைவில் வைத்துக்கொள்கிறதே, அதற்குப் பின்னால் ஒரு சிப்பும் கிடையாது. நகர்ந்து இறுகிக்கொள்ளும் இரும்புத் தகடுகள்தான். மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள். குச்சிகளும் டயல் முள்ளும் சேர்ந்து ஓடி ஓரிடத்தில் டக்கென்று நிற்கும். இதைப் பார்த்த பிறகு அந்தப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போட மனம் வராது.

அடுத்த கட்டம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. நெல் ரகத்துக்கு ஒரு பருமன். ஆனால் நம்மிடம் நல்ல சல்லடை ஒன்றுதான் இருக்கிறது. அதனால் எந்த நிலையம் வந்தாலும் அதை ஒரே பருமனுக்கு மாற்றிவிட்டுப் பிறகு சலிக்கிறார்கள். பல பெட்டிகளில் அந்தப் பொது அளவு 455 கிலோஹெர்ட்ஸ். திருச்சியைக் கேட்கும்போது பெட்டிக்குள்ளேயே ஒரு குட்டி அலை 1391-இல் ஓடும். 1391-இலிருந்து 936 போனால் மிச்சம் 455. டியூனிங் குமிழைத் திருப்பும்போது அந்தக் குட்டி அலையும் கூடவே நகரும். நெல்மணியின் பருமனை மாற்றும் உரல் எந்த வீட்டிலும் இல்லை என்பதால் இந்த இடத்தில் அடுப்படி நமக்குக் கை கொடுக்காது. இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தாண்டிவிடுங்கள்.

உமி நீக்குவது டிடெக்டர். கிட்டத்தட்ட அரிசிமணி அளவே உள்ள ஒரு கண்ணாடி டயோடு அலையின் ஒரு பாதியை மட்டும் உள்ளே விடும்; பக்கத்தில் இருக்கிற கண்டன்சர் வேக அதிர்வை விழுங்கிவிடும். மிஞ்சுவது பேச்சு. இப்போது கையில் இருப்பது குத்திப் புடைத்த அரிசி.

அரிசியை அளந்து போடும் ஆழாக்குதான் வால்யூம் கண்ட்ரோல். அதற்கு அப்பால் இருப்பது அடுப்பு, அதாவது ஆம்ப்ளிஃபையர்.

அடுப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. சின்ன அலையை ஊதிப் பெரிதாக்குவதுதான் ஆம்ப்ளிஃபையரின் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். கேஸ் அடுப்பின் திருகைத் திருப்புகிறோம், உலை கொதிக்கிறது. கொதிக்க வைத்தது நம் விரலின் பலமா? சிலிண்டரில் இருக்கும் வாயு. திருகு அதற்கு எவ்வளவு எரியச் சொல்கிறதோ அவ்வளவு எரிகிறது. ரேடியோவில் அந்தத் திருகு மின்னலையின் பிடியில் இருக்கிறது. வினாடிக்கு ஆயிரக்கணக்கில் கூட்டியும் குறைத்தும் திருப்புகிறது. சிலிண்டர், வண்டியின் பேட்டரி. ஸ்பீக்கரை ஆட்டும் பலம் முழுக்கப் பேட்டரியிலிருந்து வருகிறது. இது மனதில் இருந்தால் பின்னால் வாட் கணக்கு பார்க்கும்போது ஏமாற மாட்டோம்.

ஆழாக்கு இருக்கும் இடம்

போனிலிருந்து வருவது நெல்லா, அரிசியா?

அரிசி. ப்ளூடூத்தில் வந்தாலும் ஒயரில் வந்தாலும் கடைசியில் கையில் கிடைப்பது உமி நீங்கிய ஒலியலை. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடம் உரலும் முறமும் தாண்டி, அடுப்புக்கு முன்னால். ஆழாக்கின் வாயில். அங்கே சேர்த்தால் பழைய வால்யூம் குமிழ் வேலை செய்யும், டோன் குமிழ் வேலை செய்யும், பழைய ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் தங்கள் குரலிலேயே பாடும். நாம் தேடிய இடம் இதுதான்.

சந்தையில் விற்கும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்கள் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கின்றன. லைட்டர் துளையில் சொருகும் அந்தச் சின்னச் சாதனம் போன் பாட்டை மறுபடி ஒரு வானொலி அலையில் ஏற்றி அனுப்பும். ரேடியோ அதைப் பிடித்து மறுபடி பிரிக்கும். கடையிலிருந்து வாங்கி வந்த பொன்னி அரிசிக்குத் திரும்ப உமி போர்த்தி, உரலில் போட்டுக் குத்துவதற்குச் சமம். வழியில் நொய் ஆவது நிச்சயம். மத்திய அலையும் சிற்றலையும் மட்டுமே உள்ள பழைய பெட்டிகளில் எஃப்.எம். இல்லாததால் அந்த யோசனைக்கே இடமில்லை. ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று.

பெட்டியைத் திறக்கலாம். மூடித் தகரத்தைக் கழற்றியதும் இடது குமிழின் தண்டைப் பின்தொடர்ந்தால் வால்யூம் கண்ட்ரோல் வரும். அதற்கு மூன்று கால். ஒன்று எர்த்தில் இருக்கும். நடுக்கால் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். மூன்றாவது காலில்தான் டிடெக்டரிலிருந்து அரிசி வந்து விழுகிறது. நாம் பிடிக்க வேண்டியது அதை. ரேடியோ மெக்கானிக்குகள் இதைக் கண்டுபிடிக்க மீட்டரைக்கூட எடுக்க மாட்டார்கள். வால்யூமைப் பாதிக்கு வைத்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரின் உலோகத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தொடுவார்கள். எர்த்தைத் தொட்டால் சத்தம் வராது. நடுக்காலிலும் உர்ர்ர் என்று வரும், ஆனால் அது ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கால். எர்த்துக்கு எதிர் ஓரத்தில் உர்ர்ர் வருவதுதான் நாம் தேடும் கால். டிரான்சிஸ்டர் பெட்டியில் மட்டுமே இந்த விளையாட்டு. அதற்கு முந்தைய வால்வு ரேடியோவாக இருந்தால் உள்ளே வைப்ரேட்டர் என்ற ஒன்று 12 வோல்ட்டை இருநூறு வோல்ட்டுக்கும் மேலே ஏற்றி வைத்திருக்கும். அங்கே விரலை வைக்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

போனிலிருந்து இடம், வலம் என்று இரண்டு ஒலி வரும். பழைய பெட்டிக்கு ஒரே வாய். இரண்டு ஒயரையும் முறுக்கி ஒன்றாகச் சேர்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இழுத்து ஒலி கெடும். ஒவ்வொன்றிலும் ஆயிரம் ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்று போட்டுப் பிறகு சேர்த்தால் சண்டை இல்லை. சேர்ந்த இடத்திலிருந்து ஒரு கண்டன்சர் வழியாக வால்யூம் காலுக்குப் போக வேண்டும். பல பழைய பெட்டிகளில் அந்தக் காலில் நேர்மின்னழுத்தம் கொஞ்சம் நின்றுகொண்டிருக்கும். கண்டன்சர் ஆடுகிற அலையை மட்டும் விட்டு, அசையாமல் நிற்கும் மின்னழுத்தத்தைத் தடுத்துவிடும். அது இல்லாவிட்டால் போனுக்கும் ஆபத்து, டிரான்சிஸ்டருக்கும் ஆபத்து.

அளவு ஒன்று பார்க்க வேண்டும். டிடெக்டர் தருவது மில்லிவோல்ட் கணக்கில். போன் முழு ஒலியில் ஒரு வோல்ட்டை எட்டிவிடும். ஆழாக்கு வைக்கிற இடத்தில் மரக்காலைக் கவிழ்த்தால் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே உலை பொங்கும். இன்னும் இரண்டு ரெசிஸ்டன்ஸ் போட்டு ஒலியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து அனுப்பினால் குமிழ் முழுச் சுற்றும் பயன்படும்.

இனி, பாட்டு ஓடும்போது ரேடியோவின் சொந்த இரைச்சல் கலக்காமல் இருக்க வேண்டும். ஒயர் சொருகும் ஜாக் என்றால், சொருகியதும் டிடெக்டர் இணைப்பைத் துண்டிக்கும் தொடுமுனை உள்ள ஜாக் கிடைக்கிறது. ப்ளூடூத்துக்கு ஒரு சுவிட்ச் வேண்டும். அதற்காக டேஷ்போர்டில் புதிதாக ஓட்டை போட வேண்டாம். பெட்டியிலேயே பேண்ட் மாற்றும் சுவிட்ச் இருக்கிறது: மத்திய அலை, சிற்றலை. சிற்றலைப் பக்கம் ஒரு காலத்தில் இலங்கை வானொலிக்காகத் தேய்ந்தது. கடற்கரைக்குப் பக்கத்து ஊர்களில் கொழும்பு அறிவிப்பாளர் குரலை வீட்டு மனிதர் குரல் போல அடையாளம் சொல்வார்கள். இன்று அந்தப் பக்கம் போட்டால் பெரும்பாலும் வெறும் இரைச்சல். அந்த நிலைக்கு ஒரு குட்டி ரிலேயை இணைத்து, சிற்றலையில் போட்டால் ப்ளூடூத், மத்திய அலையில் போட்டால் ரேடியோ என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே ஒரு எழுத்தும் மாறாது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சிற்றலை இன்னும் கேட்கிற ஆள் வீட்டில் இருந்தால் மட்டும் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எர்த் என்கிற தலைவலி

போன் பாட்டை வாங்கித் தரும் ப்ளூடூத் போர்டு தீப்பெட்டியளவு. பெட்டியின் தகரத்துக்குள்ளேயே ஒளித்து வைக்க இடமும் இருக்கும். வைக்கக் கூடாது. மூடி போட்ட தூக்குச் சட்டிக்குள் இருக்கிற குழம்பின் வாசம் வெளியே வராதது போல, தகரப் பெட்டிக்குள் அடைத்த போர்டுக்கும் போனுக்கும் பேச்சு அறுந்துவிடும். போர்டு பெட்டிக்குப் பின்னால் வெளியே, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கட்டும். ஒலி ஒயர் மட்டும், அதுவும் வலை போட்ட ஷீல்டு ஒயராக, உள்ளே போகட்டும்.

அந்தப் போர்டுக்கு 5 வோல்ட் வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அம்பாசிடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியோடு இணைப்பது வழக்கம். வண்டி முழுக்க பாசிட்டிவ் எர்த். இன்றைய போர்டும் சார்ஜரும் நெகட்டிவ் எர்த்தை நம்பிச் செய்தவை. அவற்றின் வெளித் தகரம் பாசிட்டிவ் எர்த் வண்டியின் பாடியில் பட்டால் ஷார்ட். பல வண்டிகளை இடையில் யாராவது மாற்றியிருப்பார்கள், சிலவற்றை மாற்றியிருக்க மாட்டார்கள். பானட்டைத் திறந்து பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும். அந்தக் காலத்துக் கார் ரேடியோக்கள் சிலவற்றில் இதற்கென்றே திருப்பிச் சொருகும் பிளக் ஒன்று பின்னால் இருக்கும். கூட்டல் கழித்தல் குறியோடு. வண்டியை மாற்றியவர் ரேடியோவை மாற்ற மறந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போய்விடும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது சென்னை ரிச்சி தெருவிலும் இன்று சுலபமில்லை.

எர்த் சரியாக இருந்தாலும் இன்னொரு வம்பு உண்டு. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டோடு சேர்ந்து ஒரு 'வீ...ங்' என்ற சத்தம் ஏறும். சில சமயம் போர்டுக்குள்ளிருந்தே டிக் டிக் என்று கேட்கும். ஒலி ஒயரின் எர்த்தும் பவர் ஒயரின் எர்த்தும் இரண்டு வழியாகப் போய் பாடியில் சேர்வதால் வருவது இது. அடுப்படித் தொட்டியும் மாட்டுக் கொட்டில் கழுவுகிற தண்ணீரும் ஒரே வாய்க்காலில் போய் விழுகிற வீட்டில், அங்கே ஊற்றினால் இங்கே பொங்கும். வாய்க்காலைப் பிரிக்க வேண்டும். போர்டுக்கு ஐசோலேட்டட் வகைக் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கினால் உள்ளே வரும் மின்சாரத்துக்கும் வெளியே போவதற்கும் கம்பித் தொடர்பே இருக்காது. விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் பாசிட்டிவ் எர்த் பிரச்சினை, டிக் டிக், வீங் மூன்றில் பெரும்பகுதி இந்த ஒரு சாமானில் தீரும். மிச்சம் இருந்தால் ஒலி ஒயரில் ஓர் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். இந்த இரண்டிலும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

50 வாட் என்று எழுதியிருப்பது

பழைய அடுப்பு போதாது என்று சிலருக்குத் தோன்றும். கணக்கைப் பார்ப்போம். எஞ்சின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது ஏறக்குறைய 14 வோல்ட். பழைய வகை ஆம்ப்ளிஃபையரில் ஒலியலை மேலே 7, கீழே 7 என்றுதான் ஆட முடியும். 4 ஓம் ஸ்பீக்கரில் அது அதிகபட்சம் 6 வாட் சொச்சம். புதிய சிப்புகள் ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் எதிரெதிராக ஆட்டுகின்றன. ஆட்டம் இரட்டிப்பாகி ஏறக்குறைய 24 வாட் வரும். அப்படியென்றால் புது செட்டுகளின் மேல் 4 பெருக்கல் 50 வாட் என்று அச்சடித்திருப்பது? 14 வோல்ட்டை மேலும் கீழும் முழுக்கத் தள்ளி, அலையின் தலை தட்டையாகிப்போன நிலையில் அளந்தால் 49 வாட் வரும். திருகு கடைசிவரை போய், உலை வழிந்து, அடுப்பே அணையப் போகும் நேரத்து எண் அது. அந்த நிலையில் யாரும் பாட்டு கேட்பதில்லை.

அம்பாசிடருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகிறவருக்கு அந்தப் பழைய 5, 6 வாட்டே தாராளம் என்பது என் கட்சி. சத்தம் போதவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் ஸ்பீக்கருடையது. ஐப்பசி, கார்த்திகை ஈரம் பல வருடம் ஏறி அதன் காகிதக் கூம்பு ஊறிப் பூஞ்சை பிடித்திருக்கும். அதே அளவில் புது ஸ்பீக்கர் ஒன்றைப் பழைய சட்டத்துக்குப் பின்னால் பொருத்தினாலே பாதி சோகம் தீரும். எத்தனை ஓம் என்பதை மட்டும் பழையதைப் பார்த்து வாங்க வேண்டும். கரகரக்கும் வால்யூமுக்குக் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு. உள்ளே காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களை மொத்தமாக மாற்றுவது ஒரு மதிய வேலை.

புதிய ஆம்ப்ளிஃபையர்தான் வேண்டும் என்றால் அதை சீட்டுக்கு அடியில் ஒளித்துவிடலாம். பழைய பெட்டியின் வால்யூமைத் தாண்டி வரும் ஒலியை அதற்குக் கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை. பழைய வண்டியில் ஸ்பீக்கரின் ஒரு முனையை பாடியில் கட்டி எர்த் செய்திருப்பார்கள். இரண்டு முனையையும் ஆட்டுகிற புதிய சிப்பை அப்படியே இணைத்தால் அதன் ஒரு கால் நேராக பாடியில் ஷார்ட். இரண்டு ஒயரும் தனித் தனியாக ஸ்பீக்கர்வரை போக வேண்டும். வகையில் கிளாஸ் டி என்பது நல்ல தேர்வு. விறகடுப்பு பாத்திரத்தை விட அடுப்படியைத்தானே அதிகம் சூடாக்கும்; பழைய வகை ஆம்ப்ளிஃபையரும் இழுத்த மின்சாரத்தில் பாதிக்குப் பக்கத்தை வெப்பமாக விட்டுவிடும். கிளாஸ் டி அப்படி வீணாக்காது. டைனமோ போட்ட வண்டிக்கு இது முக்கியம்.

உள்ளே எதுவுமே உயிரோடு இல்லாத பெட்டி கிடைத்தால்? போர்டு கருகி, சுருள் அறுந்து, எலி கடித்துக் கிடந்தால் உட்புறத்தை எடுத்துவிட்டு புதிய எஃப்.எம்., ப்ளூடூத் போர்டை அந்தத் தகரத்துக்குள் குடிவைக்கலாம். கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே மட்டும் ஈயம் பூசி வெளிப்பக்கத்தை அப்படியே விடுவதில்லையா, அது மாதிரி. அப்போதும் குமிழ்த் தண்டும் டயல் முள்ளும் அசைய வேண்டும். டியூனிங் தண்டின் பின்னால் சுழலும் கண்ட்ரோல் ஒன்றைப் பொருத்தினால் முள் நகரும்போது நிலையமும் மாறும். திருச்சியின் எஃப்.எம். 102.1-லும் காரைக்கால் நிலையம் 100.3-லும் இருக்கின்றன, டயல் கண்ணாடியில் அந்த எண்கள் இருக்காது, இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். வெளிநாட்டில் கம்பெனிகளே இந்த வேலையில் இறங்கிவிட்டன. போர்ஷே 2020-இல் தன் பழைய மாடல்களுக்கென்றே குமிழும் பொத்தானும் வைத்த புதுச் செட் ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளே வரைபடமும் போன் இணைப்பும் உண்டு. விலையைக் கேட்டால் இங்கே ஒரு அம்பாசிடரே வாங்கிவிடலாமோ என்று தோன்றும். ஓடுகிற பெட்டியின் வயிற்றைக் கிழிக்க மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

வேலை முடிந்து பெட்டியைத் திரும்ப மாட்டும்போது கவனிக்க இரண்டு மூன்று விஷயம். ஏரியல் ஒயர் நீளம் போதவில்லை என்று சாதாரண ஒயரை ஒட்டாதீர்கள். மத்திய அலை செத்துவிடும், அந்தக் கேபிளின் மின்தேக்கமும் டியூனிங்கில் ஒரு பங்கு. பெட்டியின் பக்கவாட்டில் ஏரியல் துளைக்கு அருகே ஒரு சின்னத் திருகு இருக்கும். டயலின் மேல் கோடியில், 1400-க்குப் பக்கத்தில், மங்கலாகக் கேட்கும் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு ஒலி அதிகமாகும்வரை அதை மெல்லத் திருப்ப வேண்டும். கழற்றிய பழைய சாமான் ஒவ்வொன்றையும் ஒரு கவரில் போட்டு எது எங்கே இருந்தது என்று எழுதி டேஷ்போர்டுப் பெட்டியில் வையுங்கள். ஒயர்களை நெளிவுக் குழாயில் விட்டு உயரமாகக் கட்டுங்கள். அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் கொட்டகைக்குத்தான் குடிவரும், புது ஒயரின் பிளாஸ்டிக் அவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பவரை நேராக பேட்டரியிலிருந்து எடுக்காமல், தனி ஃபியூஸ் போட்டு, சாவி வழியாக எடுங்கள். ப்ளூடூத் போர்டு பாட்டு நின்ற பிறகும் விழித்துக்கொண்டே இருக்கும். நாள் கணக்கில் கொட்டகையில் நிற்கும் வண்டியில் அந்தச் சொற்ப மின்சாரமே பேட்டரியை இறக்கிவிடும். டைனமோ ஐடிலில் சார்ஜ் ஏற்றாது என்பதால் கல்யாண மண்டப வாசலில் எஞ்சினை ஓடவிட்டுப் பாட்டு போடுவதும் உதவாது. அப்படி இறங்கிவிட்டால் வண்டியைத் தள்ள நாலு பேர் வேண்டும். பழைய மாடலாக இருந்து, ஸ்டார்ட்டிங் ஹேண்டில் டிக்கியில் இருந்தால் ஒரு ஆள் போதும், அந்த ஆளுக்குத் தோள் பலம் இருந்தால்.